தைத்த பிறகு வெட்டும் காற்றாடி

சுவிட்சர்லாந்தின் லுசேர்ணில் எங்கள் சனிக்கிழமைத் தையல் குழுவுக்கு ஓர் அக்கா வருவார். ஹோட்டல் சலவையறையில் வேலை. கலைந்த நரை, வெந்நீரில் சிவந்த விரல்கள். இஸ்திரி போட்ட துணியைக்கூட மடியில் வைத்து உள்ளங்கையால் நீவிக்கொண்டிருப்பார்.

தேவாலயச் சந்தைக்காக எல்லோரும் சேர்ந்து ஓர் ஒட்டுத்துணிப் போர்வை தைப்பதாக இருந்தோம். சுவிஸ் பெண்கள் நட்சத்திர டிசைன் கேட்டார்கள். அதிகம் பேசாத அக்கா நான்கு இறக்கைக் காற்றாடிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அதற்காக அவர் கொண்டுவந்திருந்தது ஓர் ஆணின் நீலக் கரை போட்ட கைக்குட்டை.

"ஏனக்கா காத்தாடி?" என்றேன்.

"நட்சத்திரத்துக்கு முதலே வெட்டோணும். இதுக்கு ரெண்டு சதுரத்தைச் சேர்த்துச் சுத்தித் தைச்சுப்போட்டுத்தான் மூலைக்கு மூலை வெட்டுறது. வெட்டினாலும் ஒரு துண்டும் தனியப் போகாது, பிள்ளை."

"ஆற்ற லேஞ்சி அக்கா?" கைக்குட்டையைத் தொட்டுக் கேட்டேன்.

"அவற்ற. பின்னாலை வாறன் எண்டு சொல்லி, ஏர்போட்டிலை முகம் துடைக்கத் தந்தவர்."

சுவிஸ் பெண்களுக்கு ஜெர்மனில் முதல் பாதியை, வெட்டும் முறையை மட்டும் சொன்னேன். காற்றாடியே முடிவாயிற்று.

அக்கா கைக்குட்டையை வெள்ளைத் துணியோடு வைத்து நான்கு ஓரமும் தைத்தார். வெட்டக் கை வரவில்லை. கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினார்.

"கொஞ்சம் பொறும்."

தைத்த துணியால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "இப்ப வெட்டும்."

வெட்டினேன். ஓர் இறக்கை ஈரமாக இருந்தது.

போர்வையைச் சந்தையில் யாரோ வாங்கிப் போனார்கள். குளிர் இறங்கும் நாட்களில், அந்த இறக்கை இப்போது யார் முகத்தருகே கிடக்கிறதோ என்று நினைத்துக்கொள்கிறேன்.