செம்போத்துக் கறி

எனக்கு எட்டு வயதில் இளைப்பு உண்டு. மழை தொடங்கினால் நெஞ்சுக்குள் பூனை கத்தும். செம்போத்துப் பறவையின் கறி தின்றால் நின்றுவிடும் என்று பெருங்கடவிளைச் சந்தையில் யாரோ சொல்ல, அம்மா தன் தம்பியிடம் சொன்னாள். மாமன் ரப்பர் தோட்டத்தில் இரண்டு நாள் கண்ணி வைத்துக் காத்திருந்து ஒன்றைப் பிடித்தார். "இந்த ஊரில வேற எவனுக்கும் கிட்டாது, பிடிச்சது நானாக்கும்" என்று வழியில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். பின்வாசலில் கூடையால் மூடி, மேலே ஒரு கல் வைத்தார். மறுநாள் மத்தியானம் கறி.

எனக்குத்தான் சங்கடம். எங்கள் பக்கத்தில், புறப்படும்போது செம்போத்தைக் கண்டால் போன காரியம் நடக்கும் என்பார்கள். பரீட்சை நாட்களில் வேலியோரம் அதைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போவேன். ஓணப் பரீட்சைக்கு ஒரு வாரமே இருந்தது. தின்றுவிட்டால் எதைப் பார்த்துவிட்டுப் போவது? விடிந்ததும் கல்லை இறக்கிக் கூடையைத் தூக்கினேன். அது திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. கல்லைப் பழையபடி வைத்தேன்.

அடி விழும் என்று காத்திருந்தேன். மத்தியானம் மாமனே நல்லமிளகு அரைத்து வைத்த கறிதான் வந்தது.

"தின்னு மக்கா, மருந்தாக்கும்" என்றார் மாமன், என் முகத்தைப் பார்க்காமல்.

அம்மா சட்டியைக் கிளறினாள். "எலே, செம்போத்து இப்படி வெளுத்தா இருக்கும்? கோழி மாதிரியில்லா இருக்கு."

"நீ இதுக்கு முன்னே தின்னிருக்கியாக்கா?"

அம்மா பதில் சொல்வதற்குள், யாரிடமும் வாய் திறக்காத நான் சொன்னேன்: "ஒரு கசப்பு உண்டும்மா. செம்போத்துதான்."

"கேட்டியா!" என்றார் மாமன்.

"இளைப்பு எப்படி இருக்கு மக்கா?" என்று அம்மா என்னிடம் கேட்டாள்.

"நல்லா குறைஞ்சிருக்கு." அன்று மழை இல்லை.

"அப்போ நாளைக்கு இன்னொண்ணு பிடிலே" என்றாள் அம்மா.

"வேண்டாம்!" நானும் மாமனும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சோறு எடுக்க உள்ளே போனாள். மாமன் தோளில் கிடந்த துவர்த்தால் முகத்தைத் துடைத்து, நீளமாய் ஒரு மூச்சு விட்டார். நானும் விட்டேன். காலையில் கூடை காலியாகக் கிடந்ததைக் கண்டு, பெருமை போகாமலிருக்க அவர் கோழியை வாங்கி வந்திருப்பார் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. என் இளைப்பு குறைந்ததில் மனிதருக்கு இத்தனை ஆறுதலா என்று நினைத்துக்கொண்டேன்.