துரை சொன்ன லீவ்

ஹேவாஹெட்டக் கோப்பித் தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்த ராக்கம்மாவுக்குச் சேதி வந்தது. காய்ச்சலில் விழுந்த அவள் புருஷன் சடையனைக் கண்டி ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்களாம்; ஆள் தேறமாட்டானாம். இடுப்புக் கூடையோடு கங்காணி மூக்கையாவிடம் ஓடினாள்.

"அண்ணே, துரைகிட்ட லீவு கேளுங்க. மொகத்தப் பாத்துட்டு வந்துர்றேன்."

மூக்கையா துரையிடம் போய்க் கேட்டார். குதிரைமேல் இருந்த வெள்ளைக்காரத் துரை திரும்பிக்கூடப் பார்க்காமல், "லீவ் இட்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"லீவு குடுத்துட்டாரு தாயி, போ" என்றார் கங்காணி.

மலைப்பாதையில் விழுந்து எழுந்து போய்ச் சேர்ந்தாள். சடையனுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. அவள் கையால் இரண்டு வாய் கஞ்சி குடித்தான், விடியும்போது போய்விட்டான். அவனைப் புதைத்துவிட்டு, சேறு காய்ந்த காலோடு தோட்டத்துக்குத் திரும்பினாள். கூலிகள் குடியிருந்த லயத்து வாசலில் பொலிஸ்காரன் நின்றான்.

"ஓடிப்போனவ நீதான?"

"ஓடிப்போறவ எதுக்குய்யா திரும்பி வர்றா?"

அவன் அவளைக் கண்டிக் கோர்ட்டுக்கு இழுத்துப் போனான்.

கோர்ட்டில் நீதவான் முன்னால் துரைக்கு உட்காரக் கதிரை போட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தவரான பொன்னுத்துரை தமிழில் எடுத்துச் சொல்ல நின்றார்.

"லீவ் இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனாய் எண்டு வழக்கு. இதுக்கு மறியல், சிறைதான்."

"துரை குடுத்தாருங்க. கங்காணியக் கேளுங்க."

மூக்கையா தரையைப் பார்த்தார். "நான் போகச் சொல்லலைங்க."

அடுத்து துரை ஏதோ பேசினார். பொன்னுத்துரை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தப் பேச்சை விடு எண்டுதான் துரை சொன்னவராம்."

"லீவுன்னாரே, சாமி!"

"ஓம், சொல் அதுதான். விடுமுறைக்கும் லீவ்தான். போ எண்டாலும் லீவ்தான். விட்டுத்தள்ளு எண்டாலும் லீவ்தான்."

"அத்தன அர்த்தத்தையும் அவரே வச்சுக்கிட்டு, எனக்கு மறியலத் தர்றாரா? புருஷன் சாகக் கெடக்கான்னதுக்கு 'விட்டுத்தள்ளு'ன்னாரா? எம் மொகத்தப் பாத்து அதத் தமிழ்ல சொல்லச் சொல்லுங்க!"

"இதையெல்லாம் நான் சொல்ல ஏலாது, பிள்ளை."

"சொல்லுங்கய்யா! அதுக்குத்தான நிக்கிறீங்க?"

பொன்னுத்துரை நீதவான் பக்கம் திரும்பி, ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னார். துரையின் முகம் சிவந்தது. நீதவான் பேனாவைக் கீழே வைத்தார். இரண்டு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய மறியல், அந்த வாய்க்காக ஒரு மாதமானது.

அவள் வெளியே வந்த அன்று, அவளுடைய துணிமூட்டையோடு மூக்கையா வாசலில் நின்றார்.

"தோட்டத்துல ஒம் பேர வெட்டல தாயி, வா. துரை முன்னால நான் வேறென்ன சொல்றது?"

"எங்கிட்ட என்னா சொன்னீங்களோ, அத."

மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். பிறகு மலையேறவே இல்லை. கண்டியில் ஒரு கோப்பி ஸ்டோரில் கொட்டை பொறுக்கும் பெண்களோடு சேர்ந்துகொண்டாள். மேற்பார்வைக்காரர் இங்கிலீஷில் எதையாவது கத்தினால், கையை மடியில் வைத்துக்கொள்வாள்.

"தமிழ்ல சொல்லுங்க. அப்பறம் செய்றேன்."

பக்கத்துப் பெண்கள் முதலில் அவளைக் கிள்ளினார்கள். வேலை போய்விடும் என்று பயந்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள், அவர் கத்தும்போதெல்லாம் அந்த வரிசையே கையை நிறுத்திவிட்டு அவர் வாயைப் பார்த்தது.