ஏழுமலையும் அணைக்கக் கூடாத செல்லும்

ஏழுமலை போய்விட்டார். காலை ஆறு மணிக்குச் செய்யூரிலிருந்து போன்... மாரடைப்பாம். நாற்பத்தொரு வயசு.

மறைமலைநகரில் எங்கள் லேபில் இந்த ஃப்யூயல் செல்லைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவரும் நானும்.

என்னைவிட நாலு வயசு மூத்தவர். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி நான்தான் ஓய்ந்துபோனேன்.

போன வருஷம் இரண்டு குடும்பமும் மாமல்லபுரம் போயிருந்தோம். அப்படி என்னதான் வேலை என்று அவர் மனைவி ரேவதி கேட்க, மணலில் கோடு போட்டு விளக்கினார். சாண கேஸில் இருக்கிற அதே மீத்தேன்தான். எரிக்காமல், எழுநூறு டிகிரிக்கு மேல் கொதிக்கிற செல்லுக்குள் நீராவியோடு சேர்த்து அனுப்பினால் உள்ளேயே ஹைட்ரஜனாக மாறும், அதிலிருந்து கரண்ட். நீராவி குறைந்தால் உள்ளே கரி பிடித்து செல் போய்விடும்.

சோற்றில் தண்ணீர் வற்றினால் அடிபிடிக்குமே, அதுபோலத்தானே என்றாள் ரேவதி. மனுஷனுக்கு வாயெல்லாம் பல்.

முதல் செல்லை நாங்களே கரியாக்கினோம். தண்ணீர் பம்பின் ட்யூபில் காற்றுக் குமிழி, நீராவி நின்றுபோச்சு. வோல்ட்டேஜ் இறங்கியதும் வயர்தான் லூஸ் என்று நான் வயரையே நோண்டிக்கொண்டிருந்தேன். பிரித்துப் பார்த்தால் செல்லில் கேஸ் படுகிற நிக்கல் பக்கம் முழுக்கக் கரி.

ரிப்போர்ட்டில் ‘பம்ப் கோளாறு’ என்று எழுதினேன். மானம் போய்விடுமே என்ற பயம். அவர் விடவில்லை.

“குமிழிய நான் பாத்தேன்க்கா. தானா பூடும்னு வுட்டுட்டேன். அத்தயே எழுது.”

எழுதினேன். இரண்டு பேருக்கும் செம திட்டு. கடுப்பில் ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை. இன்றைக்கு நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

இன்னொரு செல் கொடுத்தார்கள். இதுதான் கடைசி என்றும் சொல்லிவிட்டார்கள். மூன்று வாரமாக மீத்தேனில் ஓடுகிறது... பம்ப் மட்டும் அதே பம்ப். ராத்திரி பகலாக நாங்கள் ஷிஃப்ட் மாற்றிக் கூடவே உட்கார்ந்து குமிழியைப் பார்க்க வேண்டும். நடுவில் நிறுத்தாமல் நாளைக் காலை வரை தாங்கினால் எங்கள் ப்ராஜெக்ட் பிழைக்கும். இல்லையென்றால் மூடிவிடுவார்கள்.

நாலு மணிக்கு எடுக்கிறார்களாம். செல்லாவது மண்ணாவது என்று பையை எடுத்தேன். கேஸை மூட வால்வில் கையும் வைத்துவிட்டேன். ரேவதியின் போன் வந்தது. அழுகைக்கு நடுவில் அவள் முதலில் கேட்டதே செல்லைத்தான்.

“ஓடிகினுதானே கீது? மூணு வாரமா வூட்ல அதே பேச்சுதான்க்கா அவருக்கு. நீ வராத. அத்த நிறுத்திட்டு வந்தீன்னா உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்.”

கையை எடுத்துவிட்டேன்.

இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். அழுகை வருகிறது, துடைத்துக்கொண்டு ட்யூபைப் பார்க்கிறேன். வோல்ட்டேஜ் இறங்கவில்லை. இறங்க விடமாட்டேன்.

செய்யூர் பக்கம் இருக்கிற நண்பர்கள் யாராவது என் பேரைச் சொல்லி ஒரு மாலை போடுங்கள், ப்ளீஸ்.

ஏழுமலை... இன்றைக்கு உங்கள் ஷிஃப்ட்டும் எனக்குத்தான். நீங்கள் கிளம்புங்கள்.