ஊறவைத்த சாணைக்கல்

"…இன்னொரு மட்டம் இந்தக் கத்தி வழுக்கி என் கையில பட்டுச்சுன்னா, பெட்டியக் கட்டிருவேன் மதினி. அப்புறம் அண்ணாச்சியே வந்து கூப்பிட்டாலும் நிக்க மாட்டேன், ஆமா."

பல வருடங்களுக்கு முந்தைய முத்துவின் இந்தக் குரல் நேற்று கல்கத்தா சால்ட் லேக்கில், மகன் வீட்டுச் சமையலறையில் என் காதுக்குள் கேட்டது. மருமகள் புதிதாக ஒரு சாணை இயந்திரம் வாங்கியிருக்கிறாள். டிபன் டப்பா அளவுதான். அடியில் தண்ணீர்த் தொட்டி, அதில் பாதி நனைந்தபடி சுற்றும் ஒரு சின்னக் கல். அவள் பொத்தானை அமுக்கியதும் ஈரக்கல் வாசனை வந்தது. அதில் கொஞ்சம் இரும்பும் கலந்திருக்கும். சின்ன வயதில் மழை நாளில் ஜன்னல் கம்பியை நக்கிப் பார்த்திருக்கிறீர்களா? அந்த வாசனை. நான் நக்கியிருக்கிறேன்.

"இதுல தண்ணி எதுக்கு அத்தை?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்லத்தான் நினைவில் பவானிபூர் வரை போகவேண்டியதாயிற்று.

எழுபதுகளில் நாங்கள் அங்கே ஒரு மெஸ் நடத்தினோம். 'நாங்கள்' என்றால், என் வீட்டுக்காரர் துறைமுக ஆபீசுக்குப் போய்விடுவார். மெஸ் என் பாடு. மதியம் நாற்பது பேர் சாப்பிடுவார்கள். சமைப்பது முத்து, தென்காசிப் பக்கத்து ஆள். அவர் போனால் மெஸ் போச்சு. இது மிகையல்ல. அவருக்குக் காய்ச்சல் வந்த ஒருநாள் நான் சாம்பார் வைத்தேன். சாப்பிட்ட ஒருவர், "நோயாளிக்கு ஏத்த சாம்பாரும்மா" என்றார். பாராட்டு என்றே இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அரிவாள்மனையோடு தரையில் உட்கார்ந்து நறுக்குகிற ஜாதி. முத்து நின்றுகொண்டே கத்தியால் நறுக்குவார். ஆறு கத்திகள் இருந்தன, ஆறும் மழுங்கல். மழுங்கின கத்திதான் கையை வெட்டும் என்பது வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. சேனைக்கிழங்கில் இறங்காமல் வழுக்கிக்கொண்டு விரலுக்கு வரும். அந்த மாதத்தில் மட்டும் முத்துவின் கட்டைவிரலுக்கு இரண்டு முறை துணி சுற்றினேன்.

தெருவில் சைக்கிள் மிதித்துச் சாணை பிடிப்பவர் வருவார். தீப்பொறி தீபாவளி மாதிரி பறக்கும். பார்க்க நன்றாக இருக்கும். நாலே நாளில் பழைய கதை. கத்தியின் கூர் விளிம்பில் மட்டும் மயில் கழுத்து மாதிரி ஒரு நீலம் ஓடியிருக்கும். கேட்டால், "லோஹார் தோஷ், பௌதி" என்பார். இரும்பின் குற்றமாம், அண்ணியாரே. குற்றத்தை இரும்பின் மேல் போட்டுவிட்டு எவ்வளவு மரியாதையாக விடைபெறுவார் தெரியுமா.

விஷயம் எனக்குப் பிடிபட்டது மாவில். கரண்ட் போய்விட்டால், அப்போது போகாத நாள் ஏது, ஆட்டுக்கல்தான். முத்து அடிக்கடி புறங்கையை மாவில் வைத்துப் பார்ப்பார். "சூடாயிட்டு. தண்ணி தெளிங்க மதினி, இல்லன்னா நாளைக்கு இட்லியக் கொண்டு செவுத்துல எறியலாம்." தெளித்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று தோன்றியது. கல்லின் சூட்டில் மாவே கெடுகிறதென்றால், பொறி பறக்கிற சூட்டில் கத்தியின் கூர் என்னாகும்? நீலம் என்பது வெந்துபோன இடம். கூரின் உறுதி அங்கேதான் போகிறது.

எங்கள் மெஸ்ஸுக்குப் பெஞ்சு செய்து கொடுத்த தச்சர் நிமாய்தா ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாந்த்ராகாச்சியில் இருந்தார். அவர் உளி தீட்டும் சக்கரம் தண்ணீர்த் தொட்டியில் நனைந்தபடி சுற்றுவதை அங்கே பார்த்திருக்கிறேன். மூலையில் சாத்தி வைத்திருந்த ஒரு பழைய மணல்கல் சக்கரத்தைக் கேட்டேன். மரத்தொட்டியும் கைப்பிடியும் பொருத்திக் கொடுத்தார். பாதாள ரயிலுக்காகச் சாலையைப் பிளந்து போட்டிருந்த காலம். குழிமேல் போட்ட பலகையில் நானும் ஒரு கூலியாளும் அதைத் தூக்கி வந்தோம்.

பத்து நாள் ஒரு உதவாத பழைய கத்தியை வைத்துப் பழகினேன். கத்தியின் முதுகை எவ்வளவு தூக்குவது என்று கைக்குத் தெரியவேண்டும். இரண்டு தீக்குச்சித் தடிமன் எனக்குச் சரிப்பட்டது. அழுத்தக் கூடாது. கல் கொண்டுவரும் தண்ணீர் கத்தியின் மேல் ஏறி வழியவேண்டும். ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்கம் நகத்தில் ஒரு பிசிர் தட்டும், அப்போது திருப்பவேண்டும். தோள் கழன்றுவிடும் போல இருந்தாலும் விடவில்லை. பதினோராம் நாள் முத்துவின் செல்லக் கத்தியையே தீட்டப்போவதாக அறிவித்தேன். அதற்கு முந்தின மாலை, அரிசியும் உளுந்தும் ஊறப்போட்ட கையோடு, அதுவரை பழகி முடித்ததும் தண்ணீரைக் கொட்டிவிடுகிறவள், அன்று சக்கரத்தையும் தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டேன். அரைக்கப்போவது எதுவானாலும் ஊறவேண்டும் என்பது என் ரத்தத்தில் இருக்கிறதே.

காலையில் முதலில் அந்தப் பழைய கத்தியை வைத்துச் சுற்றச் சுற்ற, சக்கரம் நொண்டியது. டக், டக் என்று எகிறியது. சரியாகிவிடும் என்று முத்துவின் கத்தியை வைத்தேன். ஒரு எகிறு எகிறி, செல்லக் கத்தியின் நடுவில் கூர் பெயர்ந்து பல் விழுந்துவிட்டது.

முத்து மதியச் சாப்பாடு முடிந்ததும் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினார். துணிமணியை வைத்தார். பூட்டு கெட்ட பெட்டி, ஆகவே தேங்காய் நார்க் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டினார். "நாளைக்கு மெட்ராஸ் மெயில்ல போறேன். காலைல சாம்பார் வச்சுக் குடுத்துட்டுத்தான் போவேன். வந்த சனம் பட்டினி கெடக்கக் கூடாது."

நான் சக்கரத்தின் முன் போய் உட்கார்ந்தேன். அழவில்லை, நகத்தால் சுரண்டினேன். தண்ணீரில் கிடந்த பாதி மாவாக உதிர்ந்தது, மேல்பாதி கல்லாகவே இருந்தது. ஒரு பாதி இளகி, சீக்கிரம் தேய்ந்திருக்கிறது. ஆக, சுற்றும்போது மட்டும் தண்ணீர். வேலை முடிந்ததும் தொட்டி காலியாக இருக்கவேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கல்லையும் ஊறப்போடுகிறவள் ஒருத்தி இருப்பாள் என்று நிமாய்தா கனவா கண்டார்?

சக்கரத்தை வெயிலில் காயவைத்தேன். ஆபீஸிலிருந்து வந்த வீட்டுக்காரரைச் சட்டையைக்கூடக் கழற்றவிடாமல் கைப்பிடியில் உட்காரவைத்தேன். பழைய இரும்புக் குழாயின் முனையைப் பலகையில் ஊன்றி, எகிறுகிற மேட்டில் மட்டும் பட்டு அது தேய்ந்து வட்டமாகும்படி பிடித்துக்கொண்டேன். "பொண்ணு பாக்க வந்தப்ப பாடத் தெரியுமான்னு கேட்டோம். இதக் கேக்காம விட்டுட்டோம்" என்றார் மனிதர், சுற்றிக்கொண்டே. இருட்டுவதற்குள் டக் சத்தம் நின்றது. விடிந்ததும் தொட்டியில் தண்ணீர் விட்டு ஆறு கத்திகளையும் தீட்டினேன். செல்லக் கத்தியின் பல் மறைய ஒரு மணி நேரம் பிடித்தது.

மெஸ் இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை. பலகைப் பாலங்கள் கிடந்த சாலைக்கு அடியில் ரயில் ஓடுகிறது. சக்கரத்தை, இடத்தைக் காலி செய்த அன்று, எடுத்துப் போக ஆளில்லாமல் முற்றத்திலேயே விட்டு வந்தேன். கைப்பிடியைச் சுற்றிய என் வீட்டுக்காரரும் இன்று இல்லை. முத்துவும் இல்லை, அவர் காலமானது பல வருடம் கழித்து, சொந்த ஊரிலேயே.

"அப்ப அன்னிக்கு மெயில்ல போகலையா?" என்றாள் மருமகள்.

அன்று காலை சாம்பாரை இறக்கிவைத்துவிட்டுப் பெட்டிக்கு வந்தார். நான் கத்தியை நீட்டினேன். வாங்கி, கட்டைவிரலைக் குறுக்கே வைத்துப் பார்த்தார். வெட்டிப் பார்க்கத் தக்காளி தேடுகிறார் என்று நினைத்தேன். சுற்றுமுற்றும் பார்த்தவர் குனிந்து, பெட்டியில் தானே கட்டிய கயிற்றின் மேல் கத்தியை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தார். பிறகு அறுந்த கயிற்றை எடுத்துக்கொண்டு, சிதறிக் கிடந்த முருங்கைக்காய்களைச் சேர்த்துக் கட்டப் போனார்.