அழலேந்தியின் ஒரே பூசாரி

வலது கையைத் தொண்டையில் வைத்து, கிழக்கே பார்த்து, மூன்று முறை இருமுகிறார் சுந்தர்சிங். முதல் இருமல் சின்னது. இரண்டாவது கொஞ்சம் பெரியது. மூன்றாவது, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் தூங்கும் காக்கையை எழுப்பிவிடும். அப்புறம் எவர்சில்வர் டம்ளரில் இருக்கும் உப்புப் போட்ட மோரைக் கைப்பிடிச் சுவரோரமாக மூன்று சொட்டு விடுகிறார். மிச்சத்தைத் தானே குடிக்கிறார். குடித்து முடித்ததும் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, 'மண்டியிட வேண்டாம், அறுபதைத் தாண்டிய பக்தர்களுக்கு ஆகாது' என்று எழுதிக்கொள்கிறார்.

இடம் ஊரப்பாக்கத்தில் நான்கு மாடி அடுக்ககம். நேரம் காலை ஐந்தே முக்கால். காற்று இந்தப் பக்கம் அடித்தால் வண்டலூர்ப் பூங்காவில் சிங்கம் கத்துவது கேட்கும், அடிக்காத நாளில் சுந்தர்சிங் மட்டும்தான். மாடிப்படி பெருக்க வரும் கிளியம்மாள் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டாள்: "இன்னா சார், டெய்லி இருமிக்கினே கீறீங்க, ஆஸ்பத்திரில ஒரு தபா காட்டக் கூடாதா?" அவளுக்கு அவர் அழலேந்தியைப் பற்றி அரைமணி நேரம் சொன்னார். மறுநாள் முதல் அவள் நான்காவது மாடியைக் கடைசியாகப் பெருக்குகிறாள்.

ஒரு கல்லூரி அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் கோப்பு நகர்த்தி, சூப்பரிண்டெண்டாக ஓய்வு பெற்றவர் சுந்தர்சிங். ஓய்வு பெற்ற மறுமாதமே செல்போன் செயலி ஒன்றில் தொடர்கதை எழுத ஆரம்பித்தார். கதை நடக்கும் உலகத்துக்கு மருளகம் என்று பெயர். அங்கே சூரியக் கடவுள் அழலேந்தி. நாற்பத்தொரு அத்தியாயம் ஓடியிருக்கிறது, நாயகன் இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை, கடவுளின் பூசைமுறையே முடிந்தபாடில்லை. "எல்லாருக்கும் ரிட்டையர்மென்டுக்கு அப்புறம் பி.பி. வரும், சுகர் வரும். இவருக்குச் சாமி வந்திருக்கு" என்பார் மனைவி ஹில்டா.

புராணம் இதுதான். இருள்தாய்க்கு ஏழு பிள்ளைகள். பசி தாளாமல் ஆறு பேரை விழுங்கிவிட்டாள். ஏழாவது பிள்ளை அழலேந்தி, தொண்டையைச் சுட்டான். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் ராத்திரி முழுக்க வைத்திருந்து, விடியும்போது இருமித் துப்பினாள். அதற்குத்தான் உலகம் சூரியோதயம் என்று பெயர் வைத்திருக்கிறது. சாயங்காலம் பெற்ற பாசம் பொங்கி, மறுபடி எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறாள். பக்தர்கள் விடியலில் மூன்று முறை இருமுவது தாய்க்கு ஒரு கைகொடுப்பதற்காக.

ஆனால் சும்மா இருமினால் அழலேந்தி வந்துவிட மாட்டார். முதல் நாள் மாலைக்குள் ஊர் சார்பில் விண்ணப்பம் போக வேண்டும். கோயிலில் மூன்று மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பூசாரி, ஒவ்வொருவரும் பார்த்து மேலே அனுப்ப வேண்டும். இரண்டாம் மேசைக்காரர் விடுப்பில் போனதால் மூன்று நாள் விடியாமலே கிடந்த ஊரின் கதை பதினெட்டாம் அத்தியாயம். கடவுளுக்கு எதற்கு ஐயா கோப்பு என்று ஒரு வாசகர் கேட்டதற்கு, பேப்பர் இல்லாமல் இந்த உலகத்தில் எது நடந்திருக்கிறது என்று எதிர்க்கேள்வி போட்டார். கற்பூரத்துக்கும் அங்கே தடை. "எரிஞ்சுகிட்டு இருக்கிறவருக்கு நெருப்பைக் காட்டுறது என்ன மரியாதை? தாகமா இருப்பாரு, மோர் குடுங்க" என்பது அவருடைய இறையியல். மே மாதம் ஜிஎஸ்டி ரோட்டில் பஸ்ஸுக்கு நின்று பார்த்த எவரும் இதை மறுக்க முடியாது.

எந்தச் சடங்கையும் தான் செய்து பார்க்காமல் எழுத மாட்டார். செய்து பார்க்காத சுற்றறிக்கையை அனுப்பி, கடைசியில் திட்டு வாங்கிய அனுபவம் அவருக்கு நிறைய. அதனால்தான் இந்த மொட்டை மாடி, இந்த மோர்.

இவ்வளவுக்கும் அவர் சபைக்கு ஒழுங்காகப் போகும் கிறிஸ்தவர். இருபத்திரண்டு வருடமாக ஞாயிறு ஆராதனையில் பழைய ஏற்பாட்டுப் பாடத்தை வாசிப்பவர் அவர்தான். நெகேமியாவின் பெயர்ப் பட்டியலைக் கண்டால் மற்றவர்களுக்கு நாக்கு குழறும். இவர் ரேஷன் கடையில் வரிசையைக் கூப்பிடுவதுபோல் ஒவ்வொருவராக அழைத்து உட்காரவைப்பார். அந்த வாசிப்பு மேடைதான் அவருக்கு மிச்சமிருக்கும் ஒரே அலுவலகம். அங்கே நிற்கும்போது மட்டும் அவர் ஓய்வு பெற்றவர் இல்லை. அதை இழந்தால் மனிதர் ஒடிந்துபோவார் என்று ஹில்டாவுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

வினை நல்ல மனிதர் வடிவில் வந்தது. இரண்டாம் மாடி யக்ஞநாராயணன் அதே மொட்டை மாடியில், அதே நேரத்தில், நிஜச் சூரியனுக்குச் சந்தியாவந்தனம் செய்பவர். ஆறு மாதம் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, ஒரு நாள் பக்கத்தில் வந்து, "சார், தப்பா எடுத்துக்காதீங்கோ. மோர் வேண்டாம், ஜலமே போதும்" என்று திருத்தினார். கதைக்காகத்தான் என்று இவர் சொன்னதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில், லிஃப்ட் பழுதுக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவே, நம் சுந்தர்சிங் சார்கூடச் சூரியனைக் கும்பிட ஆரம்பித்துவிட்டார் என்று பெருமையாக அறிவித்தார். பாராட்டிக் கைதட்டக்கூடச் செய்தார்களாம்.

கூட்டத்தில் டெனிஸ் இருந்தார். பி பிளாக்காரர், சபைக் கமிட்டிச் செயலாளர். விஷயத்தைக் கமிட்டிக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். தொடர்கதையைப் படித்துப் பார்த்து முடிவு செய்யலாம் என்று யாரோ சொன்னபோது, பாவத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று கேட்டவர். படிக்காத ஒருவரால்தான் இவ்வளவு உறுதியாக இருக்க முடியும். ஒரு வாரம் கமிட்டி கூடிப் பேசி, கடைசியில் தாராள மனசோடு ஒரு வழி கண்டுபிடித்தது. சுந்தர்சிங் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும், வாசிப்பு மேடை அவருக்கே. போடாவிட்டால் டெனிஸின் மைத்துனர் வாசிப்பார். அவருக்கு 'நேபுகாத்நேச்சார்' வருவதற்குள் ஆராதனையே முடிந்துவிடும் என்பதைக் கமிட்டி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை சுந்தர்சிங்கும் ஹில்டாவும் ஆயர் ஆரோனின் அறைக்குப் போனார்கள். கையெழுத்தைப் போட்டுவிட்டு வரலாம், போய்த் தொலைகிறது என்று வழியெல்லாம் ஹில்டா சொல்லிக்கொண்டே வந்தார். அவரும் தலையாட்டிக்கொண்டே வந்தார். டெனிஸ் தட்டச்சு செய்த கடிதத்தை நீட்டினார். 'ஏழு குதிரை பூட்டிய தேரில் வரும் அழலேந்தி என்னும் பொய்த் தேவனை நான் நம்பவில்லை, வணங்கவில்லை' என்று இருந்தது.

சுந்தர்சிங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"குதிரைன்னு யார் சொன்னது?"

"சூரியன்னா குதிரைதானே அண்ணா" என்றார் டெனிஸ்.

"எருமை. ரெண்டு எருமை. ரெண்டுக்கும் கண்ணு கிடையாது. கண்ணு தெரிஞ்சா அவர்கிட்ட எது நிக்கும்?"

ஆயர் நல்லவர். சிரிக்காமல் சமாளித்தார். "அதெல்லாம் இருக்கட்டும் சார். இந்த ஞாயிறு நெகேமியா. நீங்கதான் வாசிக்கணும்னு எனக்கு ஆசை. அப்படி ஒருத்தர் கிடையாதுன்னு வாயால சொல்லிட்டா கூடப் போதும், லெட்டரே வேண்டாம்."

வாரம் தவறாமல் ஆராதனையில் எழுந்து நின்று 'விசுவாசிக்கிறேன்' என்று மளமளவென்று ஒப்பித்தவர்தான். இன்றைக்கு 'இல்லை' என்ற மூன்றெழுத்து வரவில்லை. ஆயர் முகத்தைப் பார்த்தார், டெனிஸைப் பார்த்தார், ஹில்டாவைப் பார்த்தார். சுந்தர்சிங்குக்கு வெட்கமாக இருந்தது. நெகேமியாவின் பெயர்கள் ஒவ்வொன்றும் அவர் வாய்க்குத் தெரியும். ஹில்டா அவர் முழங்கையைத் தொட்டு, "போடுங்க" என்றார்.

சுந்தர்சிங் பேனாவைத் திறந்தார். 'ஏழு குதிரை' என்பதன் மேல் நேராக ஒரு கோடு இழுத்தார். அதற்கு மேலே, தெளிவான எழுத்தில், 'இரண்டு குருட்டு எருமை' என்று எழுதினார். முப்பத்தொரு வருடம் எந்தத் திருத்தத்துக்கும் செய்ததுபோலப் பக்கத்திலேயே 'சு.சி.' என்று சுருக்கொப்பமிட்டு, தேதியும் போட்டார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, கீழே கையெழுத்துக்கு விட்டிருந்த இடம் காலியாகவே இருக்க, தாளை ஆயர் பக்கம் நகர்த்தி வைத்தார்.