சித்தி தைத்த முதல் பாவாடை

சித்தியின் மகள் வீட்டை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறே முக்கால் இருக்கும். ஒரு பெட்டி, ஒரு கைப்பை, காலில் போன வாரம் வாங்கிய புதுச் செருப்பு. எங்கள் எல்லாருக்கும் அவள் வாலு. வாசலில் நின்று என்னிடமும் தன் அப்பாவிடமும் மட்டும் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். சித்தி உள்ளே தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வெட்டிய நீலத் துணி மடியில் கிடந்தது. ஆட்டோ தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டதும்தான் வாயைத் திறந்தாள்.

"ஏழரை பஸ்ஸுக்கு இப்பவே கிளம்புறா. நடுவுல யாரைப் பார்க்கப் போறாளாம்?"

சித்தி பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். இருபத்திரண்டு வருஷமாக, வழியில் கைகாட்டி பஸ்ஸை நிறுத்தி ஏறி, "எங்க ஏறுனீங்க?" என்று கேட்பதுதான் வேலை. அந்தக் கேள்வி மெல்ல வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பால் பாக்கெட்டை அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவாள். காய்கறிக்காரரின் தராசுத் தட்டுக்கு அடியில் கைவிட்டுத் தடவுவாள். நாலு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் வந்து இறங்கிய அன்று, என் முகத்தைப் பார்க்கும் முன்பே அவள் பார்த்தது என் செருப்பின் அடியை. சொன்ன ஊர்களுக்கு மட்டும் போயிருந்தால் இவ்வளவு தேயாதே என்றாள். சித்தப்பா எதிலும் தலையிட மாட்டார். காதுக்கு மாட்டும் மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் அவருக்கு வீடு அமைதி.

தையல் மெஷின் வீட்டுக்குள் வந்ததே சந்தேகத்தால்தான். தெருக்கோடி டெய்லர் துணியில் கால் மீட்டர் அமுக்கிவிடுகிறார் என்பது சித்தியின் கணக்கு. திருடனுக்குக் கூலி கொடுப்பதைவிடத் தானே தைத்துக்கொள்வது மேல் என்று பழைய மெஷின் ஒன்றை வாங்கினாள். முதலில் வாலுவுக்கு ஒரு பாவாடை. இடுப்புப் பட்டி, கீழே இரண்டு துண்டு, இரண்டு பக்கத் தையல், அடியில் ஒரு மடிப்பு. சின்னப் பிள்ளைகூடத் தைக்கலாம் என்று போன் வீடியோவில் ஒரு பெண் செய்து காட்டினாள். சித்தி அவளையும் நம்பவில்லை. "வெட்டுற இடத்துல மட்டும் வேகமா ஓட்டுறா பாரு. எதையோ மறைக்கிறா."

ஞாயிற்றுக்கிழமை வாலுவை நிற்க வைத்து இடுப்பை அளந்தாள். முப்பது. மேஜை டிராயரிலிருந்து டெய்லர் மூன்று மாதம் முன்பு எழுதிக்கொடுத்த அளவுச் சீட்டை எடுத்துப் பார்த்தாள். இருபத்தெட்டு. மறுபடி அளந்தாள். அதே முப்பது. அப்புறம் முப்பதுக்கே துணியை வெட்டினாள். ஆனால் அன்று முழுக்க அவள் கண் மகளைவிட்டு அகலவில்லை. வாலு கொஞ்ச நாளாக மொட்டை மாடிக்குப் போய் போன் பேசுகிறாள். புதுச் செருப்பு வாங்கியிருக்கிறாள். போன மாதம் ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் வாந்தி எடுத்தாள். தனித்தனியே பார்த்தால் ஒன்றுமில்லாத இவை, அந்த இரண்டு அங்குலத்தோடு சேர்ந்ததும் சித்தியின் மனதில் ஒரே கதையாகிவிட்டன.

திங்கள் மாலை வேலையிலிருந்து வந்தவள் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"யாருடி அவன்?"

"எவன்?"

"இடுப்பு ரெண்டு இஞ்ச் ஏறியிருக்கு. சும்மா ஏறுமா?"

வாலுவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுபோனது.

"வா, டாக்டர்கிட்டயே போகலாம்."

"அவங்க உன் வயசுப் பொண்ணு. உன் பக்கம்தான் பேசுவாங்க."

"பெத்த பொண்ணும்மா நான். டிக்கெட் எடுக்காம ஏறுனவ இல்ல."

கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வேறு ஊரில் வேலை, ஹாஸ்டலில் தங்கல். மாடிப் பேச்சும் புதுச் செருப்பும் அதற்குத்தான். சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தாளாம். சித்தி கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முத்திரையைப் பார்த்தாள். வாலு உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தாள்.

அதன்பிறகு சித்தி போன் செய்தால் வாலு எடுப்பதில்லை. அப்பாவுக்கு மட்டும் "சேர்ந்துட்டேன்" என்று ஒரு வரி. சித்தி விரல்விட்டு மாதத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். நீதான் ஊர் சுற்றுகிறவளாயிற்றே, போய் அவள் நடக்கிற நடையைப் பார்த்துவிட்டு வா என்று என்னைக் கேட்டாள். நான் போகவில்லை. அதனால் நானும் உடந்தை ஆனேன்.

பாவாடையை மட்டும் அவள் விடவில்லை. முதல் நாள் ஊசி உடைந்தது. இரண்டாம் நாள் ஒரு துண்டின் நல்ல பக்கத்தையும் இன்னொன்றின் உள்பக்கத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டு, பிளேடால் உட்கார்ந்து பிரித்தாள். கீழ் மடிப்பு மலைப்பாதை மாதிரி வளைந்தது. மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்து, கொக்கி மட்டும் நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் டெய்லரிடம் போனோம். கண் முன்னாலேயே தைத்துத் தரவேண்டும் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

டெய்லர் கொக்கியைத் தைத்து, மாட்டிப் பார்த்து, பழக்கதோஷத்தில் பட்டியை அளந்தார். "இருபத்தெட்டு. பாப்பாவுக்குத்தானே? சரியா வச்சிருக்கீங்கக்கா."

"முப்பது," என்றாள் சித்தி. தன் டேப்பைப் பையிலிருந்து எடுத்து அளந்து காட்டினாள். முப்பதுதான்.

டெய்லர் இரண்டு டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவருடையது ஒன்றில் தொடங்கியது. சித்தியுடையதில் முதலில் தெரிந்த எண் மூன்று.

"தலையில ரெண்டு இஞ்சைக் காணோமேக்கா. அளந்ததும் இதுலதான், வெட்டுனதும் இதுலதான். அதனால பாவாடை தப்பிச்சிருச்சு."

சித்தி தன் டேப்பின் நுனியை விரலால் தடவினாள். எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் வந்த புதிதில், தகரமுனை கழன்று நுனி நூல் நூலாகப் பிரிந்திருக்கிறது என்று அவளே கத்தரிக்கோலால் அதைச் சீராக நறுக்கினாள். அளக்கும்போது யாரும் முடிகிற எண்ணைத்தான் பார்ப்பார்கள். ஆனால் எங்கே ஏறினாய் என்று உலகத்தையே கேட்டவள், இந்த நாடா எங்கே தொடங்குகிறது என்று ஒருமுறை பார்த்திருக்கலாம்.

நாங்கள் எழுந்தபோது, டெய்லர் ஒரு சின்னப் பையை நீட்டினார். கடைசியாக அவரிடம் தைத்த துணியின் மிச்சமாம். பலமுறை சொல்லியனுப்பியும் யாரும் வந்து வாங்கவில்லையாம். சித்தி அதையும் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பாவாடையை நான்காக மடித்து, அதன்மேல் தலையில்லாத டேப்பைச் சுருட்டி வைத்து, ஹாஸ்டல் முகவரிக்கு அனுப்பினாள். கடிதம் எழுதவில்லை. கிடைத்தது என்று பதிலும் வரவில்லை. கூரியர்காரன் இடையில் எடுத்துக்கொண்டிருப்பானோ என்று ஒருமுறை கேட்டாள். அப்புறம் அதையும் கேட்பதை விட்டுவிட்டாள்.

பதினோரு மாதம் கழித்து ஒரு மத்தியானம் போனை என்னிடம் நீட்டினாள். "இது அவ நம்பர்தானான்னு பாரு." அவள் நம்பர்தான். வந்திருந்த செய்தியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். சித்தப்பா காது மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"பாவாடை சரியா இருந்துச்சும்மா. கீழ தைச்சது மட்டும் கோணல். இப்போ நிஜமாவே இருபத்தொன்பது, ஹாஸ்டல் சாப்பாடு. நம்பலைன்னா வந்து அளந்துக்கோ. வர்றப்ப புது டேப்பு வாங்கிட்டு வா."