வலைப்பூவில் ஏறிய ஆடு

கல்லூரியில் எழுத்துப் பயிற்சிப் பாடத்துக்கு நாங்கள் ஆளுக்கொரு வலைப்பூ வைத்திருக்கவேண்டும் என்றா மிஸ். கிழமைக்கொரு பதிவு. என்ன படித்தோம், எங்கே இடறினோம், ஏன் இடறினோம் என்று எழுதவேண்டும். பூ, இதென்ன பெரிய வேலை என்று நினைத்தேன். புத்தூரில் எங்கள் பக்கம் யார் செத்தாலும் கல்வெட்டு எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கல்வெட்டு என்றால் பாறையில் வெட்டுவதல்ல. செத்தவரின் வரலாற்றை அச்சடித்து முப்பத்தோராம் நாளில் வருபவர்களுக்குக் கொடுக்கும் சின்னப் புத்தகம். அதில் யாருக்கும் ஒரு குறையும் இருக்காது. ஆயுள் முழுக்க வேலிச்சண்டை பிடித்த மனிதரும் அதில் 'அயலவரோடு அன்பாய்ப் பழகியவர்' ஆகிவிடுவார். பள்ளிக்கூடம் படிக்கிற காலத்திலேயே அந்த நடை என் கைக்கு வந்துவிட்டது.

அந்தக் கையாலேயே முதல் பதிவையும் எழுதினேன். 'புத்தூரைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட இம்மாணவி, சிறுவயது முதலே கல்வியில் ஆர்வமும் பெரியோரிடத்தில் பணிவும் உடையவளாய், இக்கிழமைப் பயிற்சிகள் யாவற்றையும் செவ்வனே நிறைவேற்றி, அனைவரதும் அன்பைப் பெற்றாள்.' எழுதிவிட்டு இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். சத்தியமாக எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த வகுப்பில் மிஸ் என்னைப் பார்த்துக் கேட்டா:

"பிள்ளை, வாசிச்சு முடிய எனக்குக் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றிச்சுது. நீங்கள் உயிரோடைதானே இருக்கிறீங்கள்?"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. அன்றிலிருந்து என் பெயர் போய்விட்டது. பஸ்சால் இறங்கி வாசலுக்கு வந்தால், "அமரர் வந்திட்டா, வழி விடுங்கோ" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அடுத்தடுத்த பதிவுகளும் அப்படியே வந்தன. 'நான்' என்று தொடங்கினால், நாலாவது வரியில் நான் பண்புள்ளவளாகி, ஐந்தாவது வரியில் செத்துவிடுவேன்.

பருவ முடிவில் மிஸ் தனியே கூப்பிட்டா. "கடைசிப் பதிவிலை நீங்கள் விழுந்த ஒரு நாளை எழுதுங்கோ. உள்ளதை உள்ளபடி. அதுவும் இப்பிடியே வந்தால் என்னாலை பாஸ் போட ஏலாது. திங்கட்கிழமை வாசிப்பன்."

பாஸ் இல்லையென்றால் அந்த வருசத்தையே திரும்பப் படிக்கவேண்டும். ஒருமுறை விழுந்து எழும்பி வந்தவளுக்கு அது சின்ன விசயமல்ல. பயந்துபோனேன். அந்தப் பயத்தில்தான் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த நாளை எழுதினேன்.

அன்று போனில் பெறுபேற்றைப் பார்த்துவிட்டு, பல்கலைக்கழகம் கிடைக்காது என்று முற்றத்தில் நின்ற அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆடு வேலிக்குள்ளால் வந்து கத்தரிக்கன்றில் வாய் வைத்தது. அம்மா அதைப் பிடித்தாரே ஒரு பிடி!

"உனக்கு என்ன குறை வைச்சனான்? ரியூசனுக்கு விடேல்லையோ? விடிய எழுப்பித் தேத்தண்ணி தரேல்லையோ? படியெண்டால் படிக்காமல் கண்டதையும் மேய்ஞ்சு திரியிறாய்!"

அந்த ஆடு ரியூசனுக்குப் போனதாக எனக்குத் தெரியாது. அது அம்மாவைப் பார்த்துக்கொண்டே மென்றது. இதையெல்லாம் அப்படியே எழுதிப் போட்டேன்.

என் கஷ்டகாலம், கனடாவில் இருக்கிற சித்தியின் கண்ணில் அது பட்டுவிட்டது. சித்தி குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டா. பிறகு சொல்லவேண்டுமா? லண்டனிலிருந்து மாமா அம்மாவுக்குப் போன் எடுத்து, "அக்கா, ஆடு பாஸ் பண்ணீட்டுதோ?" என்று கேட்டிருக்கிறார்.

சனிக்கிழமை பின்னேரம் நான் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை, அதற்குள் அம்மா தொடங்கிவிட்டார்.

"எடியே, உலகம் முழுக்க என்னைப் பாத்துச் சிரிக்குது. உதை இப்பவே அழி!"

"திங்கள் மட்டும் பொறுங்கோ அம்மா. மிஸ் வாசிக்காட்டி நான் பெயில்."

"பெயிலானால் ஆகு. என்ரை மானம் போகுது."

எனக்கும் கோபம் வந்தது. "நீங்கள் ஒரு வரி வாசிச்சனீங்களோ? வாசிக்காமல் அழி அழியெண்டு நிக்கிறீங்கள்!"

அம்மா முருங்கையிலைச் சுளகோடு கதிரையில் இருந்தார். "சரி, வாசி பாப்பம்."

வாசித்தேன். ஆடு வந்த இடத்தில் அம்மா முகத்தை மற்றப்பக்கம் திருப்பினார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது, அதை நான் காணக்கூடாது என்பதும் தெரிந்தது. முடித்தபோது இலை ஆய்வதை நிறுத்தியிருந்தார்.

"அவ்வளவுதானோ?"

"ஓம்."

"ஆட்டோடை முடிச்சிட்டாய். பிறகு நான் கிணத்தடிக்குப் போனது?"

அன்று தண்ணீர் இறைக்க மோட்டர் இருந்தும் அம்மா வாளியால் தண்ணீர் அள்ளியது எனக்கு ஞாபகம் இருந்தது. தொட்டி நிரம்பி வழிந்த பிறகும் அள்ளினார். என்மேல் உள்ள கோபத்தில்தான் அள்ளுகிறார் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அதைச் சொன்னேன்.

"கோவமோ? கப்பிச் சத்தத்திலை அழுதால் வீட்டுக்குக் கேக்காது. அதுதான் அள்ளினனான்."

"நான் பெயிலானதுக்கோ அம்மா?"

"விசரி. நீ அழாமல் நிண்டாய். அதைப் பாக்க ஏலாமல்தான்."

"எனக்கு உது தெரியாது அம்மா."

"தெரியாட்டி கேட்டிருக்கலாம்தானே," என்று சுளகைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார். "அழிக்காதை. உதையும் சேர்த்து எழுது."